பாடவேளை தேடும் மூன்று பாடங்கள்



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் தமிழக அரசு தனது மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதில் பெற்றோரின் கவனத்தை உடனே ஈர்த்த செய்தி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பதே. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பெற்றோர் பலரும் "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார்கள். "இனி பிளஸ் ஒன் பாடத்தை யார் படிப்பார்கள்?" என்று ஆசிரியர்கள் சிலர் கவலைப்பட்டார்கள்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில்தான் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடநூலைத் தொடாமலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்தி வந்தன. மதிப்பெண் கொட்டியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கல்லூரியின் முதலாம் ஆண்டிலும் நுழைவுத் தேர்வுகளிலும் தடுமாறினார்கள். இதைத் தடுக்கவே அந்தத் தேர்வு வந்தது. அதனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை பிள்ளைகளின் தோளில் ஏறியது. அந்தச் சுமையில் ஒரு பங்கு 2025-இல் இறக்கி வைக்கப்பட்டது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பொதுத்தேர்வு இல்லாத ஓர் ஆண்டு கையில் கிடைத்தால், அதை எதைக் கொண்டு நிரப்பப் போகிறோம்? மீண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொண்டா? அல்லது இதுவரை நேரம் இல்லை என்று ஒதுக்கி வைத்த பாடங்களைக் கொண்டா?

ஒதுக்கி வைத்த பாடங்களில் மூன்றை இங்கே சிந்திப்போம். என்ன படிப்பது, என்ன வேலைக்குப் போவது என்று திட்டமிடக் கற்பது முதலாவது. எப்படிப் படிப்பது என்று கற்பது இரண்டாவது. எதைச் சாப்பிடுவது, ஏன் சாப்பிடுவது என்று கற்பது மூன்றாவது.

பிற நாட்டில் எப்படி?

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாநிலத்தில் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்கே தொழில்வாழ்வுக் கல்வி என்ற பாடம் பத்தாம் வகுப்பில் எல்லாருக்கும் கட்டாயம். அரைப் பாடம் என்ற கணக்கில் அதை முடித்தால்தான் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும். கற்கும் உத்திகள், உணவும் ஊட்டச்சத்தும் ஆகியவை விருப்பப் பாடங்களாக வைக்கப்பட்டுள்ளன. அரசு நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் இதே பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன. அங்கே இவற்றுக்கென்று பாடநேரமும் மதிப்பீடும் உண்டு.

நம் ஊரிலும் இவை முற்றிலும் இல்லாமல் இல்லை. மனையியல், ஊட்டச்சத்து போன்ற பாடங்கள் மேல்நிலைப் பாடப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவு இருக்கும் பள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். தொழிற்கல்விப் பிரிவு மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978-ஆம் ஆண்டு முதலே இருந்து வருகிறது. 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டமும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகளும் தொடங்கப்பட்டன. இவை அரசுப் பள்ளிகளை மையமாகக் கொண்டவை. நம் பள்ளிகளின் கால அட்டவணையிலும் நீதிபோதனை, நூலகம், வாழ்வியல் திறன் என்று பாடவேளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளும் பாடவேளைகளும் இவைதான்.

பாடவேளையைக் கேட்பவரும் கொடுப்பவரும் பிள்ளைகளின் நன்மைக்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் இழப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. படித்த பெற்றோரின் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, எந்தத் தேர்வு என்று வீட்டிலேயே சொல்ல ஆள் உண்டு. படிக்கத் தனி அறை உண்டு. பாலும் முட்டையும் பழமும் உண்டு. மீனவரின் மகளுக்கும், கட்டடத் தொழிலாளியின் மகனுக்கும், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இவற்றைச் சொல்லித்தர பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த ஒரு பாடவேளை பறிபோனால் பெரிதும் இழப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள்தான். ஏழைகளுக்கு முதலிடம் என்று சொல்லும் திருஅவை இதைச் சிறிய காரியமாக எண்ணிவிட முடியாது.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து எண்ணுவது

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் இயேசு கேட்டதை லூக்கா நற்செய்தியில் (14:28) வாசிக்கிறோம். சீடத்துவத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட உவமை அது. ஆனாலும் அன்றாட வாழ்வில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஓர் அறிவை அடித்தளமாகக் கொண்டே ஆண்டவர் அங்கே பேசுகிறார்.

நம் பிள்ளைகள் தங்கள் கோபுரத்துக்கு அடித்தளம் போடுவது பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த அடுத்த சில நாள்களில். எந்த 'குரூப்' என்று அப்போது முடிவு செய்கிறார்கள். கணக்குப் பாடம் எடுக்காதவருக்குப் பொறியியல் வழிகள் பெரும்பாலும் அடைபடும். உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவத்தின் வாசல் தூரமாகும். இவ்வளவு பெரிய முடிவை எடுப்பது எப்படி? "மார்க் இருக்கிறது, முதல் குரூப் எடு" அல்லது "மார்க் இல்லை, கிடைத்ததை எடு" என்ற இரண்டே வாக்கியங்களில் பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு எதில் விருப்பம், எதில் திறமை, குடும்பம் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

தெரியாமல் போவதால் ஏற்படும் இழப்புகள் ஏராளம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஏணி இருக்கிறது. ஆனால் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் அதோடு படிப்பு முடிந்தது என்றே நம் மக்கள் பலர் எண்ணுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அது ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. அரசு உதவிபெறும் நம் பள்ளிகளின் பிள்ளைகள் அதில் அடங்கவில்லை என்பது விண்ணப்பிக்கும் நாளில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. மறுபுறம், கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. இதை அறியாமல் கல்லூரிப் படிப்பையே கைவிடும் குடும்பங்களும் உண்டு.

தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக அவர்களுக்குப் பட்டியல் இனத்தவர் உரிமை மறுக்கப்படுகிறது. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர்கள் வைக்கப்பட்டுள்ளார்கள். எந்தச் சான்றிதழ், எந்த உதவித்தொகை, எந்த இடஒதுக்கீடு என்று தெளிவாக எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லையென்றால் அவர்களின் வாய்ப்புகள் கண்முன்னே கைநழுவிப் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தொழிலைப் பற்றிப் பள்ளியில் பேசினால் தமிழகத்தில் ஒரு பழைய காயம் வலிக்கும். 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் பழக வேண்டும் என்றிருந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது. வழிகாட்டுதல் என்ற பெயரில் ஏழைப் பிள்ளையை அப்பாவின் தொழிலுக்கே திருப்பி அனுப்பினால் அது வழிகாட்டுதல் ஆகாது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் தள்ளிவிடும் இடமாகத் தொழிற்கல்விப் பிரிவை வைத்திருப்பதும் அதே தவற்றின் இன்னொரு வடிவம்தான். பிள்ளையின் முன் இருக்கும் கதவுகள் எத்தனை என்று காட்ட வேண்டும். எந்தக் கதவைத் திறப்பது என்பது பிள்ளையின் முடிவாக இருக்க வேண்டும்.

ஆண்டவர் இயேசுவே தச்சர் என்று அழைக்கப்பட்டவர் (மாற்கு 6:3). புனித பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். கைத்தொழிலைத் தாழ்வாகக் கருத நமக்கு இடமில்லை. புனித தொன் போஸ்கோ 1852-இல் தூரின் நகரில் தம்மிடம் இருந்த ஒரு சிறுவனைத் தச்சரிடம் தொழில் பழக அனுப்பியபோது எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொண்டார். பையனை அடிக்கக் கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, திருநாள்களில் ஓய்வு தர வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. பையனுக்கு வேலை கிடைத்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அவனுடைய மாண்பையும் சேர்த்துக் காத்தார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் இளைஞர்களுக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், நான் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், நான் யாருக்காக வாழ்கிறேன் என்றும் கேட்கும்படி அவர்களை அழைத்தார். இறையழைத்தல் என்றதும் நாம் குருத்துவத்தையும் துறவறத்தையும் மட்டுமே நினைக்கிறோம். செவிலியராகவோ, மின்பணியாளராகவோ, வழக்கறிஞராகவோ, விவசாயியாகவோ ஒருவர் பிறருக்குப் பயன்பட வாழ்வதும் அழைத்தலே. இறையழைத்தல் ஞாயிறன்று இந்த விரிந்த பொருளிலும் நாம் பேச வேண்டும்.

படிக்கக் கற்றுக்கொடுத்தோமா?

"படி, படி" என்று பிள்ளையிடம் சொல்லாத பெற்றோர் இல்லை. எப்படிப் படிப்பது என்று சொல்லித்தந்தவர் எத்தனை பேர்? பெரும்பாலான பிள்ளைகள் அறிந்த ஒரே வழி, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடம் செய்வதுதான்.

இதைப் பற்றி 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை மீண்டும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்ததை மூடி வைத்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. திரும்ப வாசிக்கும்போது 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் வருகிறது. நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் தெரிந்ததும் தெரியாததும் பிரிகின்றன.

எந்தச் செலவும் இல்லாத உண்மை இது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. அம்மாவிடமோ தம்பியிடமோ விளக்கிச் சொல்வது. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட ஐந்து நாள்களில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்காமல் உறங்குவது. வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உறக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இரவு பதினொன்று வரை படிக்க வைத்து, காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கத்தை நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்ததை லூக்கா விவரிக்கிறார் (2:46). அங்கே அவர் கேட்டுக்கொண்டும் கேள்விகள் எழுப்பிக்கொண்டும் இருந்தார். நம் வகுப்பறைகளில் கேட்பது உண்டு. கேள்வி எழுப்புவதற்கு இடம் தருகிறோமா?

படிக்கும் முறை தெரியாத பிள்ளை, மதிப்பெண் குறையும்போது தன் முறை தவறு என்று எண்ணுவதில்லை. தானே பயனற்றவர் என்று எண்ணிக்கொள்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். காரணங்கள் பல இருக்கலாம். எல்லாவற்றையும் தேர்வின் மேல் போட முடியாது. ஆனால் ஒவ்வொரு தேர்வு முடிவின்போதும் நாம் நடுங்குவது உண்மை. 2017-இல் தமிழக அரசு மாநில அளவிலான முதலிடம், இரண்டாமிடம் என்ற தர வரிசை அறிவிப்பை நிறுத்தியது நல்ல முடிவு. அரசு நிறுத்திய வரிசையை நாம் பள்ளி வாசலின் பதாகைகளில் தொடர வேண்டாமே. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையும் பெற்றோரும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம் என்பதைப் பங்கு அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைப்போம்.

உண்ணக் கொடுங்கள்

யாயிரின் மகளுக்கு ஆண்டவர் உயிர் கொடுத்த நிகழ்ச்சி நாம் நன்கு அறிந்ததே. அவளுக்கு வயது பன்னிரண்டு. அவள் எழுந்து நடந்ததும் எல்லாரும் மலைத்து நின்றார்கள். அந்த வேளையில் ஆண்டவர் சொன்னது என்ன? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). வியப்பில் பெற்றோர் மறந்துவிட்டதை ஆண்டவர் மறக்கவில்லை. வளரும் ஒரு பெண்பிள்ளையின் பசி அவர் கண்ணில் பட்டது.

நம் பெண்பிள்ளைகளின் நிலை என்ன? 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்பிள்ளைகளில் 31.1 விழுக்காடு. தமிழகத்தில் அந்த வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். வகுப்பில் இரண்டு மாணவியர் அமர்ந்திருந்தால் ஒருவருக்கு இரத்தசோகை என்று வைத்துக்கொள்ளலாம். சோர்வு, தலைசுற்றல், கவனக்குறைவு எல்லாம் வரும். "இவள் சோம்பேறி, படிக்க மாட்டாள்" என்று நாம் சொல்லும் பிள்ளைக்கு உண்மையில் இரும்புச்சத்து இல்லாமல் இருக்கலாம்.

தமிழகம் இந்த வகையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னர் அது பத்தாம் வகுப்பு வரை எட்டியது. 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பெயர் தாங்கிய பள்ளியில் நடந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிந்ததும் மயிலாப்பூரில் புனித சூசையப்பர் பெயர் தாங்கிய தொடக்கப் பள்ளியில்தான். நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்திகள் இவை.

ஆனால் வரிசையைச் சற்று உற்று நோக்குவோம். 2022 முதல் 2025 வரை விரிந்த காலை உணவு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை என்று வகுக்கப்பட்டது. பதினோராம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. உடல் வேகமாக வளரும் வயதும் அதுதான். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்புத் தேர்வு என்று பள்ளியில் அதிக நேரம் இருக்கும் வயதும் அதுதான். காலையில் ஒரு டீ, மாலையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் என்று எத்தனை பிள்ளைகள் நாளைக் கடத்துகிறார்கள்!

ஊட்டச்சத்துப் பாடம் என்றால் ஆப்பிளும் பாதாமும் சாப்பிடச் சொல்லும் பாடம் என்று நினைக்க வேண்டாம். முருங்கைக் கீரை, கேழ்வரகு, நிலக்கடலை, நெத்திலி, முட்டை என்று நம் வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பவை போதும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். 2013 முதல் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளிகள் வழியே வழங்கப்படுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பிட்ட பின் விழுங்கினால் அந்தத் தொல்லை குறையும். இதைச் சொல்ல ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளை ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் வரை துணை நிற்கும்.

இந்தப் பாடம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவதும் சரியல்ல. மீன் துண்டும் முட்டையும் முதலில் யார் தட்டில் விழுகின்றன, கடைசியில் சாப்பிடுகிறவர் யார் என்று பையன்களும் வீட்டில் கவனிக்கக் கற்க வேண்டும். குடும்பத்தில் நீதி அங்கிருந்தே தொடங்குகிறது.

மதிப்பெண் குறைந்துவிடாதா?

"ஃபாதர், இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ரிசல்ட் குறைந்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களே?" என்று தலைமையாசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடமே கேள்விக்குறியாகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். இரத்தசோகை தீர்ந்த பிள்ளைக்குக் கவனம் கூடும். படிக்கும் முறை அறிந்த பிள்ளைக்கு நேரம் மிச்சமாகும். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்த பிள்ளையைப் 'படி' என்று விரட்ட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுப்பதால் கணக்குப் பாடம் அழிந்துபோகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் உடல், ஒழுக்கம், அறிவு ஆகிய மூன்றும் இசைவோடு வளரத் துணைசெய்ய வேண்டும் என்று கற்பித்தது. அதன் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். எதிர்நோக்கின் புதிய வரைபடங்களை வரைவது என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது அது. கல்வியின் மதிப்பைச் செயல்திறனால் மட்டும் அளக்காமல், மனித மாண்பையும் நீதியையும் பொதுநன்மையையும் கொண்டு அளக்க அவர் நம்மை அழைத்தார். நூறு விழுக்காடு தேர்ச்சி நல்லதே. ஆனால் கத்தோலிக்கப் பள்ளியை மற்றப் பள்ளிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட அது மட்டும் போதாது.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் பள்ளியின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்பதும் அதே சங்கத்தின் போதனைதான்.

முதலாவது, நம் மறைமாவட்ட மேல்நிலைப் பள்ளிகள் பதினோராம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளையை இந்த மூன்று பாடங்களுக்கென ஒதுக்கலாம். அதை வேறு ஆசிரியர் கடன் வாங்கக் கூடாது என்று தாளாளரும் தலைமையாசிரியரும் உறுதி செய்யலாம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் வரும் ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் வழிகாட்டிக் கூட்டம் நடத்தலாம். பேசுவதற்குச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நம் பங்கிலேயே செவிலியர், ஃபிட்டர், வங்கி ஊழியர், கிராம நிர்வாக அலுவலர், ஆசிரியர் இருக்கிறார்கள். தாங்கள் என்ன படித்தோம், எவ்வளவு செலவானது, எந்தத் தேர்வு எழுதினோம் என்று அவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

மூன்றாவது, புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் மே, ஜூன் மாதங்களில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க உதவலாம். பணமாகக் கொடுக்கும் உதவியைவிட இது பல குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

நான்காவது, இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை பங்கு மன்றத்தைப் படிப்பகமாகத் திறந்து வைக்கலாம். ஒரே அறை வீட்டில், தொலைக்காட்சி ஓடும் இடத்தில், பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, கண்காணிக்க ஓர் இளைஞர் இருந்தால் போதும்.

ஐந்தாவது, சிறப்பு வகுப்புக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அன்பியங்கள் முறைவைத்து மாலையில் சுண்டலோ வேர்க்கடலையோ அவித்துக் கொடுக்கலாம். திருவிழாவில் வெடிக்கும் வாண வேடிக்கைச் செலவில் ஒரு பகுதியே ஓராண்டுக்குப் போதுமானதாக இருக்கும்.

களைத்துப்போய் சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, எழுந்து உண்ணச் சொன்னார். அதன் பிறகுதான் நீண்ட பயணத்தைப் பற்றிய பேச்சு வந்தது (1 அரசர்கள் 19). நம் பிள்ளைகளின் பயணமும் நீண்டது.

நாசரேத்தில் இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்து வந்தார் என்று லூக்கா கூறுகிறார் (2:52). மரியாவும் யோசேப்பும் அந்த வீட்டில் செய்ததும் இதுதான். உணவு கொடுத்தார்கள், கற்பித்தார்கள், தொழில் பழக்கினார்கள். நம் வீடும் பள்ளியும் பங்கும் நாசரேத்து இல்லம்போல் அமைய, திருக்குடும்பத்தின் பரிந்துரையை நாடுவோம். வருகிற கல்வியாண்டு தொடங்குவதற்குள், மேலே சொன்ன ஐந்தில் ஒன்றையாவது நம் பங்குப் பேரவையில் பேசி முடிவெடுப்போம்.

சிந்திப்போம், செயல்படுவோம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக!